ரெண்டாஞ் சாட்சி

உக்காருங்க, உக்காருங்க. அந்தக் கோடியில வேண்டாமுங்க, அங்க பெஞ்சுக்குக் கால் ஆடும். இப்படி நெழலுக்கு வாங்க. வில்லங்கச் சான்றுக்கு எழுதிக் குடுத்துட்டு நிக்கறீங்க போல. சர்வர் வேலை செய்யலைன்னு சொல்லியிருப்பாங்களே? சொல்லுவாங்க. அது எந்திரிச்சு உக்கார்றதுக்குள்ள நீங்களும் நானும் ரெண்டு டீ குடிச்சிரலாம். ஏப்பா, இவருக்கு ஒரு டீ போடு. சக்கரை எப்படிங்க, தூக்கலாவா கம்மியாவா? கம்மியா. பாத்தீங்களா, கேட்டுத்தான் சொல்றேன். ஒருத்தரைக் கேக்காம அவருக்கு டீ கூடச் சொல்ல மாட்டேனுங்க நான். அது தொழில் பழக்கம்.

என்ற பேரு செங்கோடன். இந்தக் காம்பவுண்டுக்குள்ள போயி செங்கோடன்னு கேட்டா எந்தச் செங்கோடன்னு கேப்பாங்க. பத்திரம் செங்கோடன்னு கேளுங்க, வாட்ச்மேன் கூட எந்திரிச்சு நின்னு வழி காட்டுவான். முடி கறுப்பா இருந்த காலத்துலருந்து பத்திர எழுத்தருங்க. இப்பத்தப் பசங்க கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே அடிச்சு வெச்ச பத்திரத்துல பேரை மட்டும் மாத்திக் குடுக்கறானுக. நான் அப்படி இல்லீங்க. ஒவ்வொரு பத்திரத்துலயும் ஒரு வரி வரும் பாருங்க, 'என் நல்ல நினைவோடும், முழு மனதோடும், யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி'ன்னு. மத்தவனுக்கு அது சும்மா ஒரு வரி. எனக்கு அது உசுரு. எழுதிக் குடுக்கறவரைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, அந்த வரியை மட்டும் நிறுத்தி நிதானமாப் படிச்சுக் காட்டி, 'ஏனுங்க, சம்மதந்தானுங்களா?'ன்னு மூஞ்சியப் பாத்துக் கேப்பேன்.

ஒருக்கா ஒரு பெரியம்மாவக் கூட்டிட்டு வந்தானுக, மகன் பேருக்கு வீட்டை எழுதறதுக்கு. சம்மதமான்னு கேட்டேன். தலை ஆடுச்சு. 'தலையாட்டிட்டாங்கல்ல, கைநாட்டு வாங்குங்க'ன்னு மகன் பறக்கறான். நான் மாட்டேன்னுட்டேன். ஏன்னு கேளுங்க. அந்தம்மாவுக்கு வயசு அப்படிங்க, தலை சும்மா இருக்கையிலயே ஆடிட்டுத்தான் இருந்துச்சு. கேட்டாலும் ஆடுது, கேக்காட்டியும் ஆடுது. அது எப்படிங்க சம்மதமாகும்? திருப்பி அனுப்பிப்போட்டேன். வந்த வருமானம் போச்சு. போகட்டும். மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுல்ல.

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சூடு பாத்துக் குடிங்க.

உங்ககிட்ட ஒரு சின்ன ஒத்தாசை கேக்கோணும். கையில ஆதார் அட்டை இருக்குதுங்களா? இருக்கும், வில்லங்கத்துக்கு வந்தவர்கிட்ட இல்லாமப் போகாது. ஒண்ணுமில்லீங்க, ஒரு சாட்சிக் கையெழுத்து. பத்திரத்துக்கு ரெண்டு சாட்சி வேணும், ஒரு ஆளு ரெடி, ரெண்டாவது ஆளு காலை வாரிவிட்டுட்டான். இந்த ஆபீசு வாசல்ல இது சகஜமுங்க. டீ குடிக்க வந்தவரு, பஸ்ஸுக்கு நின்னவரு, அல்லாரும் யாருக்காச்சும் சாட்சி போட்டிருப்பாங்க. நீங்க உடனே போட வேண்டாம். விசயத்தைக் கேளுங்க முதல்ல. கேட்டு, மனசுக்குப் பிடிச்சாப் போடுங்க. நான் கட்டாயப்படுத்தற ஆளே இல்லை.

நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியோணுமுல்ல? அதுக்கு என்ற தம்பி கேசைச் சொல்லோணும்.

என்ற தம்பி நாச்சிமுத்து. நல்ல பாட்டாளிதான், ஆனா அப்ப மொடாக்குடி. அவனுக்கு ரெண்டு ஏக்கரா வெள்ளாமைக் காடு, கிணத்தோட. எங்க பங்காளி ஒருத்தன், மாரப்பன்னு, அந்தக் கிணத்து மேல அவனுக்கு ரொம்ப நாளாக் கண்ணு. ஒரு நாள் ஊர் நோம்பித் திருவிழாவுல, 'வாடா நாச்சி'ன்னு தோள்ல கையப் போட்டுக் கார்ல ஏத்திட்டுப் போயி, ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கறான். ஊத்தி முடிச்சுப்போட்டு, வேற தாலூக்காவுல ஒரு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறான். அன்னிக்கு முகூர்த்த நாளு, நிக்க எடமில்லாத கூட்டம். யாரு எப்படி நிக்கறான்னு யாரு பாத்தா? கிரயம் முடிஞ்சுபோச்சு. பொழுது சாய ஊட்டு வாசல்ல கொண்டாந்து எறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். தம்பிக்கு மறு நாள்தான் தெளிஞ்சுச்சு. கட்டைவிரல்ல மை. அந்த விரலை என்ற முன்னால நீட்டிட்டு, 'அண்ணா, இது எப்படி வந்துச்சு?'ன்னு கேட்டானுங்க. சின்னப் புள்ளை கேக்கற மாதிரி கேட்டான்.

விடுவேனா நான்? கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல் பேருக்குத்தானுங்க, பாயிண்டு பூராவும் நான் எடுத்துக் குடுத்தது. மாரப்பன் பக்கம் சாட்சி மேல சாட்சி. கார் டிரைவர் வந்து சொல்றான், 'அவரு தானா வந்துதான் கார்ல ஏறுனாரு'ன்னு. நான் வக்கீல் காதுல சொன்னேன்: கார்ல ஏறச் சம்மதிச்சா காட்டைக் குடுக்கச் சம்மதிச்ச மாதிரியான்னு கேளுங்க. கேட்டாரு. இன்னொருத்தன் சொல்றான், 'அவரு சிரிச்ச மூஞ்சியாத்தான் இருந்தாரு'ன்னு. போதையில இருக்கறவன் செருப்பு அறுந்தாக்கூட சிரிப்பானுங்க! மாரப்பன் கூண்டுல ஏறி நின்னு என்ன சொன்னான் தெரியுமா? 'வேண்டாம்னு அவன் ஒரு வார்த்தை சொல்லலீங்க, எசமான்.' எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வேண்டாம்னு சொல்றதுக்கு அவனுக்கு நெனப்பு இருந்தாத்தான? வேண்டாம்னு சொல்லாததுக்கெல்லாம் பேரு சம்மதம்னா, சுடுகாட்டுல படுத்திருக்கற அத்தனை பேரும் சொத்தை எழுதிக் குடுத்துருவானுங்களே!

'அவனேதான குடிச்சான், நானா வாயைப் பொளந்து ஊத்துனேன்'னு கேட்டான். குடிச்சது அவன் தப்புங்க, நான் இல்லேங்கல. குடிச்ச தப்புக்குக் காட்டைப் புடுங்கறதா தண்டனை?

எல்லாத்தையும் விட, அந்தப் போட்டோ. பத்திரம் பதியறப்ப கேமராவுல ஒரு படம் புடிப்பாங்கல்ல? அதை நீதிபதியம்மா கையில எடுத்தாங்க. தம்பிக்குக் கண்ணு பாதி மூடிக் கெடக்குது, கழுத்து ஒரு பக்கம் சாஞ்சு போச்சு, கக்கத்துக்கடியில ஒரு கை தாங்கிப் புடிச்சிருக்குது. கை மட்டுந்தான் தெரியுது. மாரப்பன் கை. கையில ராசிக்கல் மோதரம். நீதிபதியம்மா கேட்டாங்க, 'தாங்கிப் புடிச்ச உனக்கு இவர் நெலமை தெரியாதா?' ஒரே கேள்வி. பத்திரம் செல்லாதுன்னு தீர்ப்பு ஆச்சு.

அந்தத் தீர்ப்போட கடைசிப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்க ஊட்டு ஆசாரத்துல, முன் கூடத்துலதானுங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கறேன். ஆயுத பூசைக்கு அதுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம் எல்லாம் உண்டு. ஒறம்பரை, சொந்தபந்தம் யாரு வந்தாலும் அந்தக் கதையைக் கேக்காம எங்க ஊட்ல காப்பி குடிக்க முடியாது. எங்க ஊட்டுக்காரி ருக்குமணிக்கு அது மனப்பாடமே ஆகிப்போச்சு. நான் எங்கியாவது ஒரு பாயிண்டை விட்டுட்டா, சமையல்கட்டுலருந்தே எடுத்துக் குடுப்பா. 'செருப்பு அறுந்தாச் சிரிப்பான்னு சொல்லலையே நீங்க'ம்பா.

ஏனுங்க, இன்னொரு டீ? வேண்டாமா? செரி, வேண்டாம்னா வேண்டாம். போண்டா? அதுவும் வேண்டாமா? செரிங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இந்தப் பத்திரம் என்ற பையன் சம்பந்தப்பட்டது. கிருபாகரன். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில டீம் லீடர். அவனுக்குக் கீழ ஒரு கூட்டமே வேலை பாக்குது. தங்கமான பையனுங்க. மலை மேல ஒரு ரிசார்ட்டுக்கு ஆபீஸ்காரங்க எல்லாம் டூர் போயிருக்கறாங்க. பசங்க, புள்ளைக எல்லாரும். இந்தக் காலத்துல எல்லாரும் குடிக்கறாங்க, நாம என்ன சொல்ல முடியும்? என்ற பையன் தான் ஒரு சொட்டு எச்சாக் குடிக்காம, பொறுப்பா நின்னு அல்லாருக்கும் கலந்து குடுத்திருக்கறான். டீம் லீடர்ல, கவனிக்கோணுமுல்ல.

அதுல ஒரு புள்ளை, இந்துமதின்னு. இவனுக்குக் கீழதான் வேலை. பழக்கமில்லாத புள்ளை போல. இவன் குடுத்ததைக் குடிச்சுப்போட்டு நிக்க முடியாம சாஞ்சிருச்சு. இவன் என்ன பண்ணுனான்? விட்டுட்டுப் போனானா? இல்லீங்க. கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனான். அந்தப் புள்ளையோட ரூம் சாவி அகப்படல, அதனால தன் ரூமுக்கே கூட்டிட்டுப் போனான். அப்புறம்... வயசுப் பையன், வயசுப் புள்ளை. என்னத்தைச் சொல்றது. நடந்துபோச்சு.

காலையில எந்திரிச்ச புள்ளை, நேரா ஒரு சினேகிதியக் கூட்டிட்டுப் போயி போலீசுல எழுதிக் குடுத்துருச்சு. 'எனக்கு நெனப்பே இல்லை, நான் சம்மதிக்கலை'ன்னு. நான் கேக்கறேன், நெனப்பே இல்லைங்கற, அப்புறம் சம்மதிக்கலைங்கறது மட்டும் எப்படி நெனப்பு வந்துச்சு? வக்கீல்கிட்ட இந்தப் பாயிண்டைச் சொன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு, 'அண்ணா, இதை நீங்க வேற எங்கியும் சொல்லாதீங்க'ங்கறாரு. பயந்தாங்கொள்ளி.

ரிசார்ட்டு வராந்தாவுல கேமரா இருக்குது. அந்தப் படத்தை எனக்கும் காட்டுனாங்க. நான் பாத்தேன். என்ற பையன் அந்தப் புள்ளையைக் கக்கத்துல கை குடுத்துத் தாங்கிட்டுப் போறான். அந்தப் புள்ளை தலையை அவன் தோள்ல சாச்சிருக்குது. கால் தரையில இழுபடுது, ஒரு செருப்பு வழியில கழண்டு கெடக்குது. கண்ணு மூடியிருக்குது. தோள்ல தலை சாச்சிருக்கறதைப் பாருங்கன்னு இன்ஸ்பெக்டரம்மாகிட்டச் சொன்னேன். பிரியம் இல்லாமயா ஒரு புள்ளை தோள்ல சாயும்? அந்தம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'என்ன வேலை செய்யறீங்க?'ன்னு கேட்டுச்சு. பத்திர எழுத்தர்னு சொன்னேன். அப்படியான்னு ஒரு மாதிரி சொல்லிப்போட்டு டீ குடிக்கப் போயிருச்சு.

தானாத்தான டூருக்கு வந்துச்சு? தானாத்தான குடிச்சுச்சு? யாரு வாயைப் பொளந்து ஊத்துனா? போட்டோவுல எல்லாம் சிரிச்சுட்டுத்தான இருக்குது? கூச்சல் போட்டுச்சா? பக்கத்து ரூம்ல ஆளு இருந்திருக்கறாங்க, ஒரு சத்தம் கேக்கல. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலையேங்க!

என்னங்க, டீய வெச்சுட்டீங்க. ஆறிப்போச்சா?

பையன் இப்ப ஜாமீன்ல ஊட்ல இருக்கறான். கம்பெனில நிறுத்தி வெச்சுட்டாங்க. மூஞ்சிய ஷேவ் கூடப் பண்றதில்லை. அவன் அம்மாகிட்ட மட்டும் எல்லாம் சொல்லுவான். சொல்லியிருக்கறான்: 'அவ தூங்கிட்டுத்தாம்மா இருந்தா, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, அதுக்குள்ள ஏம்மா இத்தனை ரகளை?'ன்னு. பாருங்க, எவ்வளவு வெள்ளந்தியாப் பேசறான். அதைக் கேட்டதுலருந்து ருக்குமணி மகனுக்குச் சோறு போடறதை நிறுத்திப்போட்டா. நான்தான் எடுத்து வெக்கறேன்.

நான் நாயஸ்தனுங்க. கல்யாணம் பண்ணிக்கறோம்னு ஆள் விட்டனே! எங்க அந்தஸ்துக்கு அந்தப் புள்ளை வீடு ஒண்ணுமே இல்லை, இருந்தும் சொல்லி அனுப்புனேன். தாலியே கட்டறேன்னு ஒருத்தன் சொல்றான், இதுக்கு மேல என்னங்க வேணும்? அந்தப் புள்ளை சொல்லியிருக்குது, அவன் பேரைச் சொன்னாலே எனக்கு வாந்தி வருதுன்னு. செரி, கோவத்துல இருக்குதுன்னு விட்டேன்.

அதுக்கப்புறந்தான் இந்த யோசனை. ஒப்புதல் பத்திரம். நானே எழுதுனேன், முத்திரைத்தாள்ல, என்ற கையால. கேளுங்க, படிக்கறேன். 'இந்துமதி ஆகிய நான், மேற்படி தினத்தில், என் மிக நல்ல நினைவோடும், முழு மனதோடும், யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி, மேற்படி கிருபாகரனுடன் சம்மதத்தின் பேரில் இருந்தேன் என்றும், கோபத்தின் காரணமாகத் தவறாகப் புகார் கொடுத்துவிட்டேன் என்றும்...' எப்படி இருக்குது? அந்தப் புள்ளை போலீசுல நெனப்பே இல்லைன்னு சொல்லியிருக்குதுல்ல, அதனால சும்மா 'நல்ல நினைவோடு'ன்னு போட்டா நிக்காது. ஒரு 'மிக' சேத்துனேன். அனுபவமுங்க.

இன்னிக்கு அந்தப் புள்ளை இங்க வருது. தாய்மாமன் சௌந்தரராசு கூட்டிட்டு வர்றாரு. அவரு நம்ம பேச்சுக்குக் கட்டுப்பட்ட ஆளு, அவரு காட்டுக்குப் பட்டா மாத்திக் குடுத்தது நானு. மொதச் சாட்சியும் அவருதான். 'புள்ளை வருமாங்க?'ன்னு கேட்டேன். 'பாட்டன் சொத்துல உனக்கு ஒரு பங்கு இருக்குது, ஒரே ஒரு கையெழுத்துன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தர்றேன், படிக்க விடாம போட வெச்சர்றேன்'னு சொன்னாரு. கெட்டிக்காரரு. கார்ல ஏத்திட்டா அப்புறம் காரியம் முடிஞ்ச மாதிரிதான்.

ரெண்டாஞ் சாட்சிக்கு மொதல்ல எங்க ஊட்டுக்காரியத்தான் கேட்டேன். நேத்து ஆசாரத்துல உக்காந்து மொச்சைக்காய் உரிச்சுட்டு இருந்தா. பத்திரத்தைப் படிச்சுக் காட்டுனேன். காயைத் தள்ளி வெச்சுட்டு, செவுத்துல இருக்கற தீர்ப்பை அண்ணாந்து பாத்துட்டே இருந்தா. அப்புறம் கேக்கறா, 'ரெண்டு ஏக்கரா காட்டுக்கு அத்தனை பேச்சுப் பேசுனீங்களே, அந்தப் புள்ளைக்கு அதுல ஒரு பேச்சு மிச்சமில்லையா?'ன்னு.

கேட்டீங்களா கதைய? பொம்பளைக்குக் காட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியலீங்க. 'ஏண்டி, அது சொத்து. போனாப் போனதுதான், திரும்பி வருமா? இதுல என்ன போச்சு? அந்தப் புள்ளை முழுசாத்தான நடமாடுது?'ன்னு கேட்டேன். மொகத்தைத் திருப்பிட்டா. கண்ணுல தண்ணி வந்துச்சா என்னன்னு எனக்குத் தெரியாது, மொச்சைக்காய்க்கெல்லாம் கண்ணு எரியாது.

தம்பியக் கூப்பிட்டேன். நாச்சிமுத்து இப்பக் குடிக்கறதில்லை, அந்தக் கேசோட விட்டுட்டான். நான் மீட்டுக் குடுத்த காட்டுல வெங்காயம் போட்டுட்டு நல்லா இருக்கறான். என்ற ஒரு வார்த்தைக்கு உசுரையே குடுக்க வேண்டிய ஆளு. அவன் என்ன சொல்றான்? 'அண்ணா, காடு திரும்பி வந்துருச்சு. ஆனா அந்தக் கை இருக்குது பாரு, மாரப்பன் கை, அது இன்னும் என்ற கக்கத்துலயே இருக்குது. என்ன நடந்துச்சுன்னு நெனப்பில்லை. அந்தக் கை மட்டும் நெனப்பிருக்குது. தூங்கறப்ப சில நாள் திடுக்குனு எந்திரிச்சு உக்காந்துக்குவேன். ஆம்பளை எனக்கே அப்படின்னா, அந்தப் புள்ளைக்கு எப்படியிருக்கும்?' சொல்லிப்போட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் குடுத்துட்டான். நன்றி கெட்டவன். அவனுக்கு இன்னும் முழுசாத் தெளியலைன்னு நெனைக்கறேன்.

ஊட்டுக்காரியும் இல்லை, தம்பியும் இல்லை. சொந்தப் பையன் செயிலுக்குப் போயிருவான் போலிருக்குது, பெத்தவளுக்கே துடிக்கல. மனசு வெறுத்துப் போச்சு எனக்கு. நேத்து ராத்திரி சித்தே குடிச்சுப்போட்டுப் படுத்துட்டேன். சித்தேன்னா, கொஞ்சம் எச்சாத்தான். படுத்ததும் தெரியாது, விடிஞ்சதும் தெரியாது. எந்திரிக்கறப்ப ருக்குமணி பையத் தூக்கிட்டுச் செருப்பு மாட்டிட்டு இருக்கறா. எங்கடின்னு கேட்டா, 'ஒரு கையெழுத்துப் போடத்தான்'னு சொன்னா. மகளிர் குழுவுல மாசாமாசம் கையெழுத்துப் போடப் போவா, அதுக்குத்தான் இருக்கும். பையன் தலைக்கு மேல கத்தி தொங்குது, இவளுக்குக் குழு முக்கியமாப் போச்சு பாருங்க.

அதனாலதானுங்க உங்ககிட்டக் கேக்கறேன். நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம், படிக்க வேண்டாம். 'எங்கள் முன்னிலையில் முழு மனதோடு கையெழுத்திட்டார்'னு இருக்குது, அதுக்குக் கீழ உங்க பேரு. அவ்வளவுதான். பேனா இந்தாங்க.

ஏனுங்க, பேனாவ வாங்க மாட்டேங்கறீங்க? யோசிக்கறீங்களா? செரி யோசிங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டீங்க. புரியுதுங்க, எனக்குப் புரியுது. ஒருத்தர் மூஞ்சியப் பாத்தாலே சம்மதமா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சுரும், இத்தனை வருச சர்வீசு. நீங்க வாயைத் தொறந்து வேண்டாம்னு சொல்லக்கூட வேண்டாம். கை பின்னால போனாலே போதும், செங்கோடன் பேனாவ மூடிருவான். அது மரியாதைங்க. மனுசனுக்கு மனுசன் அதுகூட இல்லைன்னா எப்படி?

அட, இருங்க இருங்க, போயிராதீங்க. அங்க பாருங்க, டவுன் பஸ்ஸுலருந்து எறங்குது பாருங்க, பச்சைச் சுடிதாரு. அதுதான் அந்தப் புள்ளை! சௌந்தரராசு கார்ல கூட்டிட்டு வர்றேன்னாரு, பஸ்ஸுல வருதே? அவரைக் காணோம். போனும் எடுக்க மாட்டேங்கறாரு. பொறத்தால எறங்கறது யாரு... ருக்குமணிங்க! எங்க ஊட்டுக்காரி! அந்தப் புள்ளை கையைப் புடிச்சு எறக்கிவிடறா பாருங்க. அவளுக்குப் பின்னால என்ற தம்பி! நாச்சிமுத்து, வெள்ளை வேட்டியெல்லாம் கட்டிட்டு வந்திருக்கறான்!

நான் சொல்லலை? ரத்த பாசம் எங்க போகும்? கையெழுத்துப் போடப் போறேன்னு சொன்னாளே, எனக்குத்தான் மண்டையில ஏறல. அவளே போயி புள்ளையச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்துட்டா. கடைசியில புத்தி வந்துருச்சு. உங்களுக்கு இனி சிரமம் இல்லீங்க, நீங்க டீயக் குடிங்க. சாட்சி ஒண்ணுக்கு ரெண்டா வந்தாச்சு.

ஏனுங்க, அவங்க ஏன் அந்தப் பக்கம் திரும்பறாங்க? ஆபீசு இந்தப் பக்கமில்ல இருக்குது? ருக்குமணீ! ஏய், இங்க, இங்க டீக்கடைல இருக்கறேன்! கேக்கலையா? கேட்டுச்சுங்க, திரும்பிப் பாத்தா. பாத்துட்டும் நடக்கறா. அங்க எதுக்குப் போறாங்க? அங்க மகளிர் போலீஸ் டேசனைத் தவிர வேற ஒண்ணும் இல்லையே. டேய் நாச்சி! அவனும் நிக்க மாட்டேங்கறான். அந்தப் புள்ளைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரும் நடந்து போறாங்க பாருங்க, தொடாம, சும்மா கூட.

பையன் அவன் அம்மாகிட்டச் சொன்னானே... அந்தப் புள்ளை தூங்கிட்டு இருந்துச்சுன்னு... அதைப் போயிச் சொல்லிருவாளோ? பெத்த தாய் சொன்னா அப்புறம் எந்தக் கோர்ட்டுங்க விடும்? ருக்குமணீ!

இருங்க. அவ பையிலருந்து வெளிய நீட்டிட்டு இருக்குதே, அது என்னங்க? கண்ணாடி மாதிரி மின்னுதே. மூலையில சந்தனப் பொட்டு. அட, அது என்ற தீர்ப்புங்க! ஆசாரத்துச் செவுத்துல மாட்டி வெச்சிருந்த என்ற தீர்ப்பு! அதை எதுக்கு எடுத்துட்டுப் போறா? அங்க கொண்டு போயி என்னத்தைக் காட்டப் போறா?

எப்ப எடுத்தா? நேத்துப் படுக்கறப்ப செவுத்துல இருந்துச்சு, நான் பாத்தேன். அப்படின்னா நான் படுத்ததுக்கப்புறந்தான் எடுத்திருக்கறா. என்ற பொருளுங்க அது! நாயா அலைஞ்சு நான் வாங்குனது! ஒரு வார்த்தை என்னையக் கேட்டாளா? நான் முழிச்சிருந்தா விட்டிருப்பனா? ஒரு மனுசன் குடிச்சுப்போட்டு நெனப்பில்லாமக் கெடக்கற நேரம் பாத்து, அவன் சம்மதம் இல்லாம, அவன் பொருள் மேல கை வெக்கறாளே, இதுக்குப் பேரு என்னங்க? எந்தச் சட்டத்துல இது செல்லும்? நீங்களே சொல்லுங்க!